கோலாலம்பூருக்குக் கட்டிய பொட்டலங்கள்

சங்கரன்கோவிலில் இருந்து கோலாலம்பூருக்கு என்னைப் போல அதிகத் தடவை போய் வந்த பொம்பளை வேறு யாரும் இருக்க மாட்டார்கள் என்று எங்கள் டிராவல்ஸ் ஆபீஸில் சொல்லுவார்கள். உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஊரில் என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் வராது. நான் போனது சமைக்க.

போன மாதம் செல்வி வீட்டுக்கு வந்தாள். எங்கள் டிராவல்ஸ் முதலாளி அண்ணாச்சியின் மருமகள். அண்ணாச்சிக்கு வயசாகிவிட்டதால் ராஜபாளையம் ரோட்டில் இருக்கிற ஆபீஸை இப்போது அவள்தான் பார்க்கிறாள். கோலாலம்பூருக்கு மூன்று நாள் சுற்றுலா, புதுசாகப் பிளான் போடுகிறாளாம். இனிமேல் கூட்டத்தோடு சமையல் ஆள் கூட்டிப் போவது கிடையாது. அங்கேயே நம்ம சாப்பாட்டுக் கடைகள் நிறைய இருக்கின்றன, போனில் சொன்னால் தங்குகிற இடத்துக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள். அதோடு, வருகிறவர்களும் அரை நாளாவது எங்கள் இஷ்டத்துக்கு விடுங்கள் என்று கேட்கிறார்களாம்.

"அந்த அரை நாள்ல அவங்கள எங்க போகச் சொல்லலாம் அத்தை? நீங்கதான் எல்லாரையும் விட அதிகமா போயிருக்கீங்க. ஒரு யோசனை சொல்லுங்க."

எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "யோசிச்சுச் சொல்லுதேன் தாயி" என்றேன். அவள் போன பிறகு யோசிக்க உட்கார்ந்ததில் வந்ததுதான் இவ்வளவும்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. வீட்டுக்காரர் தறி ஓட்டினார். அவர் நெஞ்சு நோவு கண்டு படுத்த காலத்தில் கல்யாணச் சமையலுக்குக் காய் நறுக்கப் போனேன். தேங்காய் துருவி, இலை துடைத்து, பருப்பு வேகவைத்து, கரண்டி கைக்கு வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சுடலை மாஸ்டர் என்று ஒருவர், அவர்தான் எங்கள் சமையல் செட்டுக்குத் தலை. அவரை அண்ணாச்சி தன் காசி யாத்திரை பஸ்ஸுக்குக் கூப்பிட்டபோது, "கோமதியும் வந்தாத்தான் நான் வருவேன். அது வாயே தொறக்காது, கை மட்டும்தான் ஓடும்" என்று சொல்லி என்னையும் சேர்த்துக்கொண்டார். அப்படியே வருஷங்கள் ஓடின. பிறகு திருச்சியில் இருந்து மலேசியாவுக்குப் பிளேன் டிக்கெட் மலிவாகக் கிடைக்கிற காலம் வந்தது. காசிக்கு வந்த ஆட்களே கோலாலம்பூருக்கும் கேட்டார்கள். சோறு மட்டும் நம்ம சோறாக இருக்க வேண்டும் என்றார்கள். அங்கே ஒரு தமிழ்க்காரர் வைத்திருந்த விடுதியின் பின்கட்டில் எங்களுக்கு அடுப்படி கிடைத்தது.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கிவிடும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைப்பார். எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடுப்படியில் நின்றுகொண்டே கடைசியாகச் சாப்பிடுவார். குறை சொல்லத் தெரியாது, கேட்கத்தான் தெரியும். சாம்பாரில் உப்பு குறைந்திருந்தால், "ஏ மாஸ்டர், இங்கன உப்பு வெல ஏறிட்டோ?" என்பார். மாஸ்டர் அன்றைக்கு முழுக்க யார் முகத்தையும் பார்க்க மாட்டார்.

அவர் பிளான் போடுகிற விதமே தனி. கிளம்புவதற்கு முன்னால் என்னையும் மாஸ்டரையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டு உட்கார வைப்பார். எந்த இடம் பார்க்கிறது, எந்த நாள் பார்க்கிறது என்பது சோற்றை வைத்துத்தான் முடிவாகும்.

"மொத நாளு பத்துமலை. அம்புட்டுப் படியும் ஏறி எறங்குனா பசி எப்படி இருக்கும்?"

"கொலப் பசியா இருக்கும் அண்ணாச்சி" என்பேன் நான், தரையைப் பார்த்து.

"அப்ப?"

"புளியோதரை. பருப்புத் தொவையலு."

"மறுநாளு மேகம் மூடிக் கெடக்குமே, அந்தப் பனி மலை?"

"அங்கன குளிருமுல்லா. ஆறிப்போனா எலுமிச்சஞ்சோறு தொண்டையில எறங்காது. மிளகு தூக்கலாப் போட்டு ஏதாச்சும் கிண்டிருதேன்."

"கடைவீதிக்கு?"

இதற்கு மாஸ்டர் பதில் சொல்லுவார். "தயிர்சாதம் போடுங்க அண்ணாச்சி. தின்னுட்டுக் கெறங்கிப் போய்ச் சீக்கிரம் வண்டியில வந்து ஏறிக்கிடுவாவ. இல்லன்னா கடையை விட்டுக் கெளப்ப முடியாது."

அப்படித்தான் அந்த ஊர் என் மனசில் பதிந்தது. புளியோதரை என்றால் பத்துமலை. மிளகுச் சோறு என்றால் பனி மலை. ரெட்டைக் கோபுரம் என்றால் சப்பாத்தி, ஏனென்றால் அங்கே உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாது, சுருட்டிக் கையில் கொடுக்க வேண்டும்.

பொட்டலம் கட்டுவதற்கு ஒரு முறை உண்டு. சோற்றை வடித்ததும் வெள்ளைத் துணியில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, விசிறியால் ஆற்ற வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்து, பிரிக்கிறபோது கூழாக இருக்கும். வாழையிலையை நெருப்பில் வாட்டி, மேலே தாள் வைத்து, நூல் போட்டுக் கட்டுவோம். நூலில்தான் விஷயம். சாதாரணச் சோற்றுக்கு வெள்ளை நூல். வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்களுக்குச் சிவப்பு நூல். சர்க்கரைக்காரர்களுக்குப் பச்சை நூல், அதில் சோறு குறைவு, காய் அதிகம். கூட்டம் திரும்பி வந்ததும் மிச்சம் மீதி எல்லாம் அடுப்படிக்கு வந்துவிட வேண்டும். நான் பிரித்துப் பார்ப்பேன். யார் தின்றார்கள், யார் ஒதுக்கினார்கள் என்று தெரிந்தால்தான் மறுநாள் கை சரியாக ஓடும். அண்ணாச்சி போட்ட வழக்கம் அது.

கூட்டம் ஊர் பார்க்கப் போனதும் எங்களுக்கு ராத்திரிச் சோற்று வேலை ஆரம்பித்துவிடும். பின்கட்டு ஜன்னலில் ஒரு சந்து தெரியும். எதிரே ஒரு சீனத்து அம்மா துணி காயப்போடுவாள். மத்தியானம் சொல்லிவைத்த மாதிரி மழை வரும், அவள் ஓடிவந்து எடுப்பாள். அவளும் நானும் சிரித்துக்கொள்வோம். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கோலாலம்பூர்.

திரும்பி வருகிறவர்களிடம், பரிமாறுகிறபோது மெதுவாகக் கேட்பேன், இன்றைக்கு என்ன பார்த்தீர்கள் என்று. முக்கால்வாசிப் பேர் "புளியோதரை நல்லா இருந்துச்சுக்கா" என்பார்கள். ஒருதடவை இளையரசனேந்தலில் இருந்து வந்த டீச்சர் ஒருத்தி மட்டும் கையில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் பேசினாள்.

"இங்க ஒரு ரயில் ஓடுதுக்கா, பாலத்து மேல. டிரைவரே கிடையாது. டிரைவர் உக்காருத எடம் சும்மா கெடக்கு. அங்கன போய் நாம உக்காந்துக்கிடலாம். முன்னால பூராவும் கண்ணாடி. வீடு, மரம், கோபுரம் எல்லாம் நம்மளப் பாத்து வந்துக்கிட்டே இருக்கு."

அது என் மனசைப் பிடித்துக்கொண்டது. ஏன் என்றால் நான் எந்த பஸ்ஸில் போனாலும் அண்டா, குண்டாவோடு கடைசி சீட்டில்தான் போவேன். காசிக்குப் போனபோதும் அப்படித்தான். பின்கண்ணாடி வழியாக ஊர்கள் விலகிப் போவதைத்தான் பார்த்திருக்கிறேன். ஓர் ஊர் என்னைப் பார்த்து வருவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த ரயிலின் முன்னால் ஒருதடவை உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பொட்டலம் கட்டுகிறபோதெல்லாம் அந்த நினைப்பு வரும்.

பிறகு ஒரு பயணத்தில் அண்ணாச்சியே கேட்டார். இரண்டாம் நாள் கூட்டத்துக்கு ராத்திரிச் சாப்பாடு வெளியில் ஏற்பாடாகியிருந்தது. "நாளைக்கு மத்தியானத்துக்கு மேல அடுப்படிக்கு லீவு. வேன் தாரேன். என்னா பாக்கணும், சொல்லு யம்மா."

மாஸ்டர் என்னை முந்திக்கொண்டு, "அது எங்க சொல்லப்போவுது" என்றார்.

"டிரைவர் இல்லாத ரயிலு" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏறிட்டா போச்சு" என்றார்.

அந்தப் பயணத்தில் ஒரு மாற்றம் நடந்திருந்தது. நாங்கள் போய் இறங்கின அன்று மழை ஊற்றியது. முதல் நாளுக்கு வைத்திருந்த பத்துமலையை அண்ணாச்சி மூன்றாம் நாளுக்குத் தள்ளிவிட்டார். வழுக்குகிற படியில் வயசானவர்களை ஏற்ற முடியாது. பிளானை இப்படி மாற்றுவது எங்களுக்கு வழக்கம்தான், யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஒரு பச்சை நூல் பொட்டலம் பிரிக்காமல் திரும்பி வந்தது. பனவடலிசத்திரத்துப் பேச்சியம்மாளுடையது. வெள்ளாமைக்காரக் குடும்பம், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், மதினி என்று கூப்பிடுவேன். பிளேனில் வந்தது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்தேன். ராத்திரி பந்தியில் அவர் உட்கார்ந்திருந்தார், தட்டு எப்படிக் காலியானது என்று நான் பார்க்கவில்லை. மறுநாள் மத்தியானமும் பச்சை நூல் அவிழாமல் வந்தது.

அப்போது எனக்கு வேலை முடிந்திருந்தது. தலைசீவி, பூப்போட்ட நீலச் சேலை கட்டி, செருப்பு மாட்டி நின்றேன். வாசலில் வேன் வந்துவிட்டது. மாஸ்டர் ஏறி உட்கார்ந்துகொண்டு, "கல்யாணப் பொண்ணு கெளம்பிட்டோ?" என்று கத்தினார். கூட்டம் கடைவீதிக்குப் போய்விட்டது, பேச்சியம்மாள் மட்டும் களைப்பாக இருக்கிறது என்று அறையில் இருப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பொட்டலத்தை அப்படியே போட்டுவிட்டு வண்டியில் ஏற எனக்குக் கால் வரவில்லை. ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாடிக்குப் போனேன்.

பேச்சியம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. கையைத் தொட்டால் ஐஸ். விரல் நடுங்கியது.

"மதினி, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. கண்ணக் கட்டுது."

"சாப்பிட்டியளா?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சர்க்கரை மாத்திரை போட்டியளா?"

"அது போடாம இருக்கப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்லா."

மாத்திரை மட்டும் விழுங்கிவிட்டு ஒன்றும் தின்னாமல் இருந்திருக்கிறார். ஓடிப்போய் ஒரு தம்ளரில் சீனியைக் கரைத்துக்கொண்டு வந்தேன். அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார். அவர் மகளுக்குப் பல வருஷம் பிள்ளை இல்லை. பேரன் பிறந்தால் பத்துமலை ஏறுகிறேன், அந்த மண்ணில் கால் வைத்தால் முருகனைப் பார்க்காமல் பல்லில் சோறு படாது என்று நேர்ந்திருக்கிறார். பேரன் பிறந்துவிட்டான். முதல் நாளே பத்துமலை என்று பிளானில் இருந்ததை நம்பித்தான் வந்திருக்கிறார்.

"மாத்திட்டாகன்னதும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா மதினி?"

"அம்புட்டுப் பேருக்கும் போட்ட பிளானு. எனக்காகவா திருப்புவாக? நாளைக்கு ஒரு பொழுதுதானட்டி. தாங்கிக்கிடுவேன்."

கீழே வேன் ஹாரன் அடித்தது. தாங்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. கண் செருகிக்கொண்டு வந்தது. நான் அதட்டுகிற ஆள் இல்லை, அதட்டினாலும் நேர்ச்சைக்காரர்களிடம் பலிக்காது. அவர் முந்தானை முனையில் ஒரு முடிச்சு இருந்தது. எங்கள் ஊர்க்காரிக்கு அது என்னவென்று கேட்கத் தேவையில்லை. சங்கரன்கோவில் அம்மன் சன்னதியில் எடுத்த புற்றுமண். வெளியூர் போனால் யாரும் அது இல்லாமல் போக மாட்டார்கள். மேலுக்குச் சரியில்லை என்றால் பூசுவோம், வயிறு நோகிறது என்றால் ஒரு துளி வாயில் போடுவோம்.

"மதினி, அம்மன் மண்ணு சாப்பாடா?"

"அது எப்படிச் சாப்பாடாகும்? பிரசாதம்லா."

"வாயில போட்டா நேர்ச்சை முறிஞ்சிருமா?"

முடிச்சைத் தடவிப் பார்த்தார். "முறியாது."

முடிச்சை அவிழ்த்து ஒரு சிட்டிகை எடுத்து அந்தத் தம்ளரிலேயே போட்டுக் கலக்கினேன். "அப்ப இதக் குடிங்க."

அவர் தம்ளருக்குள் பார்த்தார். "இதுல சீனி கெடக்கே."

"மண்ணு தொண்டையில எறங்கணும்லா" என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். அந்த நிலையிலும் உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது. "ஊமைன்னுல்லா ஒன்னயச் சொன்னாக" என்று சொல்லிவிட்டு இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்துக் குடித்தார். நான் அடியில் தாங்கிக்கொண்டேன். இரண்டாவது தம்ளருக்கும் முடிச்சில் மண் மிச்சம் இருந்தது.

வேன்காரரிடம் சொல்லி விடுதிக்காரர் மூலமாக டாக்டரை வரவழைத்தேன். மாஸ்டரை மட்டும் போகச் சொன்னேன். "நீ இல்லாம நான் மட்டும் எதுக்கு" என்று இறங்கப் பார்த்தார். வண்டி வந்தது வந்துவிட்டது, நீங்களாவது பாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். டாக்டர் வந்து பார்த்து, நல்ல நேரத்தில் சீனித் தண்ணீர் கொடுத்தீர்கள், கூடவே இருங்கள் என்றார். இருந்தேன். நீலச் சேலையோடு அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன். அவர் தூங்கிவிட்டார். மத்தியான மழை பெய்து ஓய்ந்தது. எங்கேயோ தூரத்தில் ரயில் போகிற மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. அது அந்த ரயில்தானா என்று எனக்குத் தெரியாது.

மாஸ்டர் திரும்பி வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல கோமதி. வெறும் கண்ணாடி. வெயிலு மூஞ்சில அடிக்கி" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். சொல்லும்போதே கண் பளபளவென்று இருந்தது. அப்புறம் படுக்கிற வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பாத்திரம் தேய்த்தார்.

அண்ணாச்சி வந்து விஷயம் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேச்சியம்மாள் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். "நான் நாளைத் தள்ளி வச்சேன் தாயி. ஒங்க நேர்ச்சையையும் சேத்துல்லா தள்ளிட்டேன்" என்றார். மறுநாள் விடிந்ததும் முதல் வண்டி பத்துமலைக்குப் போனது. பேச்சியம்மாளை இரண்டு பக்கமும் பிடித்து ஏற்ற ஆள் வேண்டும் என்று என்னையும் வரச் சொன்னார். ஏறினேன். மேலே ஏறுகிற வரை பேச்சியம்மாளின் பாதத்தை மட்டும்தான் பார்த்தேன். எங்கே வைக்கிறார், எங்கே வழுக்குகிறது என்று. பெரிய முருகன் சிலை இருக்கிறதாம், தங்க நிறமாம். எனக்கு நினைவிருப்பது ஈரப் படியும், அவர் மெட்டியும்தான். மேலே போய்க் கும்பிட்டதும் நான் கட்டிக்கொண்டு போன பச்சை நூல் பொட்டலத்தை அவர் கையாலேயே அவிழ்த்து, முதல் உருண்டையை எனக்குக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எங்கள் பயணங்களில், டிக்கெட் போடுவதற்கு முன்னாலேயே ஒவ்வொருத்தரிடமும் நேர்ச்சை ஏதும் இருக்கிறதா என்று கேட்கிற வழக்கம் வந்தது. இருந்தால் அந்தக் கோயில்தான் முதலில். மழை பெய்தாலும் அடிவாரம் வரையாவது போய் நின்றுவிட்டு வருவார்கள். அண்ணாச்சி பிறகும் சில தடவை, "ஒன் ரயிலு பாக்கியிருக்கு" என்று சொன்னார். ஒருதடவை கூட்டம் பெரிது. ஒருதடவை மாஸ்டருக்கு மேலுக்கு முடியவில்லை. அப்புறம் நோய்க் காலம் வந்து பிளேனே நின்றது. மறுபடி ஓட ஆரம்பித்தபோது என் முழங்கால் போய்விட்டது.

இவ்வளவையும் யோசித்த பிறகு போன வாரம் ஆபீஸுக்குப் போனேன். செல்வி கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள்.

"அந்த அரை நாளு கேட்டியே. டிரைவர் இல்லாத ரயில்ல விடு. முன்னால கண்ணாடிகிட்ட உக்காரச் சொல்லு. ஊரு நம்மளப் பாத்து வரும்."

"நீங்க போயிருக்கீங்களா அத்தை?"

"இல்ல."

அவள் தட்டச்சு அடிப்பதை நிறுத்தினாள். வீட்டில் இருந்து வரும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தையைச் சொல்லிவிட நினைத்தேன். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கும் ஒரு சீட்டு போடு. பணம் கட்டிருதேன்."

"சமைக்கவா? அதான் இந்தத் தடவை சமையலே இல்லன்னு சொன்னேனே."

"சமைக்க இல்ல தாயி. அந்த ரயில்ல உக்காரதுக்கு."

செல்வி என் முழங்காலைப் பார்த்தாள். பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டும், டாக்டரிடம் கேட்க வேண்டும், எல்லாம் ஆகிறதா பார்ப்போம் என்றாள். பிறகு போனை எடுத்து அந்த ரயில் படத்தைத் தேடிப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் வாடியது.

"அத்தை, முன்னால ரொம்பக் கொஞ்சப் பேர்தான் உக்கார முடியும் போல. கதவு தொறந்ததும் சின்னப் பிள்ளைக ஓடிவந்து பிடிச்சிக்கிடுமாம்."

"பிடிச்சா பிடிச்சிட்டுப் போகட்டும். நான் எறங்கி நின்னு அடுத்ததுல ஏறிக்கிடுதேன்."

"அதுலயும் பிள்ளைக இருந்தா?"

"அதுக்கு அடுத்தது" என்றேன். "அங்கன எனக்கு வேற சோலி ஒண்ணும் கெடையாதே."